'சுவையான சொதி தயார்' என்று எழுதினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் நாளிதழுடன் வரும் இணைப்பிதழில் சென்ற வாரம் நெல்லைச் சமையல் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். மொத்தம் 12 பதார்த்தங்கள். எங்கள் ஊர்ச் சமையல் என்பதால் ஒரு வரி விடாமல் படித்தேன். உளுந்தங்களி முடிகிற இடத்தில் 'சுவையான உளுந்தங்களி தயார்' என்று இருந்தது. கூட்டாஞ்சோறு முடிகிற இடத்தில் 'சுவையான கூட்டாஞ்சோறு தயார்'. அவியல், இஞ்சிப் பச்சடி, புளிக்குழம்பு, எல்லாவற்றுக்கும் அதே முடிவுதான். காய்களைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்கிற சொதியைப் பற்றி எழுதியவர் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலை ஊற்றச் சொல்லிவிட்டு, 'நன்றாகக் கொதிக்க விடவும், சுவையான சொதி தயார்' என்கிறார். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும், ஐயா. எண்ணெய் தனியாக மிதக்கும், அடியில் திப்பி திப்பியாக நிற்கும். அதை ஒரு முறையாவது வாயில் வைத்துப் பார்த்தவர் 'சுவையான' என்று எழுதியிருக்க மாட்டார். பழக்கத்தில் கை எழுதிவிட்ட சொல் அது.

நான் தவசிப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வார்கள். 1971இல் 14 வயதில் என் தாய்மாமாவிடம் விறகு தள்ளப் போனேன். இப்போது கோட்டை அடுப்பின் முன் நிற்க உடம்பு இடம் கொடுப்பதில்லை. தொழிலில் இருந்த இத்தனை வருடத்தில் 'சுவையாக இருக்கிறது' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குழம்பைக்கூட நான் திருத்தியதில்லை. திருத்தவும் முடியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா தாம் சமைத்ததை வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். விளக்கின் முன்னால் முதல் இலை போடுகிறவரை அடுப்பில் இருப்பதை எச்சில் செய்யக் கூடாது என்பது அவருடைய கட்டுப்பாடு. ஆவியை மோந்தே உப்புக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வீட்டில் பழகும்போது எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றிவிட்டு, 'சொல்' என்பார். 'நன்றாக இருக்கிறது, மாமா' என்றால் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவார். முதல் ஆறு மாதம் நான் தேய்த்த பாத்திரங்களுக்குக் கணக்கில்லை. எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் வருகிறது, எது இன்னும் சேரவில்லை, இந்த மூன்றையும் சொன்னால்தான் விடுவார். புளி தூக்கல், வெல்லம் மட்டு, பெருங்காயம் எட்டிப் பார்க்கிறது, மல்லி பச்சை வாசம் அடிக்கிறது, மிளகு அடித்தொண்டையில்தான் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினேன். ஒன்றைச் சொல்லத் தெரிந்த பிறகுதான் அது என் நாக்குக்கே தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன் அது வாய்க்குள் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தொழிலில் குற்றம் சொல்லும் சொற்கள் நிறைய. கருணைக்கிழங்கு காறுகிறது. பழைய நிலக்கடலை காறிப்போய்விட்டது. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது. மிளகாய் வற்றலைக் கருகவிட்டால் வீடே கமறுகிறது. சாம்பார் சப்பென்று இருக்கிறது. பாயசம் அசட்டுத் தித்திப்பு. நேற்றைய சோறு ஊசிவிட்டது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குற்றம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைச் சொன்னால் சமையல்காரன் தவறான பாத்திரத்தைத் தூக்குவான். நெய்யும் சர்க்கரையும் அளவு மீறினால் திகட்டும். அதற்கும் மேலே போனால் முகத்தில் அடிக்கும். எங்கள் ஊர் அல்வாவோடு ஒரு கை மிக்சர் தருவது அதற்காகத்தான். திகட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் உறைப்பு வந்து நாக்கைக் கழுவிவிடும். பிறகு அடுத்த விள்ளல் முதல் விள்ளல்போலவே வழுக்கிக்கொண்டு இறங்கும்.

2021ஆம் வருடம் வைகாசியில் எனக்குக் கொரோனா வந்தது. மூச்சுக்கு ஆபத்து இல்லாமல் பிழைத்துக்கொண்டேன். மூக்கும் நாக்கும் போய்விட்டன. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்கள் 'நாக்கு செத்துவிட்டது' என்பார்களே, அதை அதுவரை பேச்சு வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மிளகாயைக் கடித்தால் எரிந்தது, அவ்வளவுதான். எரிச்சல் இருந்தது, மிளகாயின் மணம் இல்லை. காப்பி சூடான தண்ணீர். சோறு ஈரமான பஞ்சு. மூக்கை அண்டாவுக்குள் விட்டாலும் ஒன்றும் வரவில்லை. வயிறு பசிக்கும், வாய்க்கு ஒன்றும் வேண்டியிருக்காது.

அந்த ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்திருந்த காலம். மூன்று தலைமுறையாக எங்களைக் கூப்பிடுகிற வீடு என்பதால் மறுக்க மனம் வரவில்லை. நாக்கு இல்லை என்பதை அவர்களிடம் சொல்லவும் இல்லை. அந்த வீட்டார் இந்தக் கடிதத்தைப் படித்தால் மன்னித்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் வீட்டில் ரசம் வைத்துப் பார்த்தேன். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். 'நன்றாக இருக்கிறது, தாத்தா' என்றாள். எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டேன். 'ரொம்ப நன்றாக இருக்கிறது' என்றாள். புளிப்பு எப்படி, உப்பு எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். குழந்தைக்கு அழுகை வந்துவிட்டது.

பேத்தியின் நாக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் அதிகம் புளித்த மாவில் இட்லி ஊற்றினால் முதல் விள்ளலிலேயே தட்டைத் தள்ளிவிடுகிறவள் அவள். அவளுக்குத் தெரிகிறது, சொல்ல ஒரு சொல் இல்லை. பள்ளிப் புத்தகத்திலும் இல்லை. அவள் வாரந்தோறும் எடுத்துப் படிக்கிற தங்கள் சிறுவர் பக்கத்திலும் இல்லை. நான் ஊர் ஊராகச் சமைக்கப் போய்விட்டதால் வீட்டில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கவும் இல்லை. இது என் மனதை இன்னும் உறுத்துகிறது.

அப்போது என் மனைவி கிண்ணத்தை வாங்கினாள். ஒரு மடக்கு உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: 'புளி முன்னால் நிற்கிறது. உப்பு கொஞ்சம் தள்ளி வருகிறது. மிளகு நாக்கில் இல்லை, இறங்கும்போதுதான் தெரிகிறது. தக்காளி இன்னும் பச்சையாக இருக்கிறது.' எனக்கு இது போதும். தக்காளிக்கு இரண்டு நிமிடம் கொதி கொடுத்தேன். பருப்புத் தண்ணீர் ஒரு கரண்டி சேர்த்தேன், உப்பு ஒரு சிட்டிகை. மிளகைக் கொரகொரவென்று தட்டிக் கடைசியில் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினேன். மறுபடி உறிஞ்சினாள். 'இப்போது எதுவும் தனியாகத் தெரியவில்லை' என்றாள். என் வாழ்நாளில் நான் கேட்ட பாராட்டுகளில் இதைவிடப் பெரியது இல்லை. மறுநாள் கல்யாணத்தை அவள் நாக்கை வைத்துத்தான் முடித்தேன். அடுப்புக்கும் அவளுக்கும் இடையே கிண்ணம் போய்ப் போய் வந்தது. பந்தியில் பெரியவர் ஒருவர் கையைக் குவித்து மூன்று முறை ரசம் வாங்கி உறிஞ்சினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பந்தியின் ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்பது மாமா சொல்லிக்கொடுத்த பாடம். இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் மரியாதைக்கு 'அருமை' என்பார். அது உதவாது. அப்பளம் நொறுங்குகிற சத்தம் சாம்பாருக்கு முன்னாலேயே ஓய்ந்துவிட்டால் கூட்டும் கறியும் சரியில்லை என்று பொருள். வாய் வேறு துணை தேடியிருக்கிறது. பாயசத்தின்போது பேச்சு அடங்க வேண்டும். இலையில் ஊற்றிய பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து, ஓடுகிறதைக் கையால் அணைத்து, வழித்து, கடைசியில் விரலை நக்குகிறவரைப் பார்த்தால் மாமாவின் முகம் மலர்ந்துவிடும். சப்புக்கொட்டும் சத்தம் கேட்டால் சொல்லவே வேண்டாம். இன்று அதை நாகரிகக் குறைவு என்று பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். கரண்டியால் எடுத்துச் சத்தமில்லாமல் விழுங்கப் பழக்குகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

எங்கள் தெருவில் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். நாக்கு இல்லாமல் நான் திண்ணையில் சோர்ந்து உட்கார்ந்திருந்த மாதங்களில் தினமும் வந்து பேசிக்கொண்டிருப்பார். அவரிடம் இதைச் சொன்னபோது, தொல்காப்பியத்திலேயே உங்கள் தொழிலுக்கு விதி இருக்கிறது என்றார். 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்று ஒரு சூத்திரம். உரைகாரர்கள் அதற்கு அடிசிலை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களாம். அடிசில் என்றால் சமைத்த உணவு எல்லாம். அதில் உண்பன உண்டு, தின்பன உண்டு, பருகுவன உண்டு, நக்குவன உண்டு. ஆகையால் 'அடிசில் உண்டார்' என்று ஒரு வினையை மட்டும் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அயின்றார்', 'மிசைந்தார்' என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோறு உண்பது, முறுக்கு தின்பது, பானகம் பருகுவது, தேன் நக்குவது. எங்கள் பந்தியை அப்படியே நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்! இன்று 'சாப்பிடு' என்ற ஒரு சொல் அந்த நான்கையும் விழுங்கிவிட்டது. காப்பியும் சாப்பிடுகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம். தின்னுதல் மரியாதைக் குறைவாகிவிட்டது. நக்குதல் வசவாகவே போய்விட்டது.

நுகர்தலுக்கு நேர்ந்ததும் அதுதான் என்று ஐயா வருத்தப்பட்டார். ஐம்புலனாலும் ஆழ்ந்து அனுபவிப்பது நுகர்தல். பூவின் மணத்தை உள்ளே இழுப்பதும் நுகர்தல்தான். 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, நல்ல சட்டம், ஏமாந்தவருக்கு வழி சொன்னது. ஆனால் அதன் பிறகு நுகர்வோர் என்றால் ரசீதைக் கையில் வைத்திருப்பவர் என்றுதான் எல்லாருக்கும் தோன்றுகிறது. அவர் பல்லவியாகச் சொல்வது இன்னொன்றும் உண்டு. ரசம், ரசனை, ரசிகர் எல்லாம் ஒரே வேர். இதே நெல்லையில் வட்டத்தொட்டி என்று நண்பர்களைக் கூட்டிவைத்துக் கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுபவித்த டி.கே.சிதம்பரநாத முதலியாரை ஊர் ரசிகமணி என்றே அழைத்தது. 1954இல் மறைந்தவருக்கு இன்றும் அதுதான் பெயர். இந்த ஊரில் அனுபவிக்கத் தெரிந்ததற்கே ஒரு மனிதருக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது.

பிறகு ஐயா மூன்று பாட்டுகளைச் சொன்னார். மூன்றையும் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒன்று குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடியது. புதுப்பெண் ஒருத்தி முற்றிய தயிரைக் கையால் பிசைகிறாள். பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் ஏறுகிறது. அந்தப் புகைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஐயா: குய்ப்புகை! அவள் ஆக்கிய புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவ்வளவுதான், ஒரே சொல். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று' என்று பாட்டு முடிகிறது. நுண்ணிதாக மகிழ்வதை நான் பார்த்திருக்கிறேன். என் மனைவியின் முகத்தில் அது உதட்டுக்கு வராது, கன்னத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குழந்தை நெய்ச்சோறு உண்ணும் அழகு: 'இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்'. கையை விடுகிறது, தொட்டுப் பார்க்கிறது, வாயால் கவ்வுகிறது, துழாவுகிறது, பிறகு உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. மூன்றாவது, திருப்பாவையில் ஆண்டாள் பாடியது. மார்கழி 27ஆம் நாள் பெருமாள் கோயில்களில் அக்காரவடிசில் செய்வது இந்தப் பாசுரத்துக்காகத்தான். பாற்சோறு மூடும்படி நெய் பெய்து, 'முழங்கை வழிவாரக் கூடியிருந்து குளிர்ந்து' என்கிறாள். நெய் எவ்வளவு என்று ஆழாக்குக் கணக்குச் சொல்லவில்லை. முழங்கை வரை வழிய வேண்டும் என்கிறாள்; எந்தச் சமையல்காரனுக்கும் அது விளங்கும். அக்காரவடிசிலுக்குள்ளே அந்தப் பழைய அடிசில் இன்னும் இருக்கிறது என்று ஐயாவிடம் நான் சொன்னேன். அவருக்கு அன்று அத்தனை சந்தோஷம். தங்கள் பார்வைக்கு ஒன்று சொல்கிறேன். இந்த மூன்று இடத்திலும் 'சுவையான' என்ற சொல் இல்லை. விரல் இருக்கிறது, புகை இருக்கிறது, முழங்கை இருக்கிறது. எனக்கு வாய் ஊறியது, அதுவும் நாக்கு செத்துக்கிடந்த காலத்தில்.

நாக்கு திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் உப்பு வந்தது, பிறகு தித்திப்பு. புளிப்பு ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. மணம் மட்டும் வரவே இல்லை. ஐப்பசியில் ஒரு காலை, மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ தாளித்தார்கள். கடுகு வெடித்த சத்தத்துக்குப் பின்னாலேயே கறிவேப்பிலையும் பெருங்காயமும் சுவரைத் தாண்டி வந்தன. நான் துண்டைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றேன். உள்ளே ஓடிப்போய் மனைவியிடம் 'குய்ப்புகை' என்றேன். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு பேத்திக்குச் சொல் எடுத்துக்கொடுப்பதை வேலையாக வைத்துக்கொண்டேன். சித்திரையில் நார் மாம்பழம் வந்தால் கத்தியைத் தொடவிட மாட்டேன். உள்ளங்கையில் வைத்து உருட்டி, உள்ளே குழைந்ததும் காம்புப் பக்கம் கடித்துத் துப்பிவிட்டு உறிஞ்ச வேண்டும். சதை தீர்ந்ததும் கொட்டையைச் சூப்ப வேண்டும். உறிஞ்சுவது வேறு, சூப்புவது வேறு; செய்தாலே தெரியும். நுங்கைப் பெருவிரலால் நோண்டி, கண்ணிலிருந்து வழுக்கி வரும்போது சிந்தாமல் வாங்க வேண்டும். பதநீரைப் பனையோலைப் பட்டையில் வாங்கி மாந்த வேண்டும்; அது டம்ளரில் அருந்துகிற பானம் இல்லை. பொரிகடலையைக் கொறிக்க வேண்டும். கற்கண்டைக் கடிக்காமல் கடைவாயில் ஒதுக்கிக் கரையவிட வேண்டும். பல் போன அவள் பாட்டனார் வெற்றிலையை இடித்து அதக்கிக்கொண்டதையும், முற்பகல் முழுவதும் குதப்பிக்கொண்டே கதை சொன்னதையும் சொல்லிக் காட்டினேன். இப்போது அவளுக்கு 13 வயது. போன மாதம் என் சாம்பாரை ஒரு வாய் உண்டுவிட்டு, 'தாத்தா, வெந்தயம் கடைசியில் வந்து கசக்கிறது, கருகவிட்டுவிட்டீர்களா?' என்று கேட்டாள். ஆமாம், கருகிவிட்டிருந்தது.

என் கோரிக்கை சிறியது. இணைப்பிதழில் சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் கடைசி வரியில் 'சுவையான' என்று எழுதுவதை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் அந்தப் பதார்த்தம் வாயில் என்ன செய்கிறது, எதோடு சேர்த்து, எந்தச் சூட்டில், எப்படி உண்ண வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் அதற்குச் சொல் உண்டு. கோவில்பட்டிக்காரர் சொல்வது எங்களுக்குப் புதிதாக இருக்கும், நாகர்கோவில்காரர் சொல்வது இன்னும் புதிதாக இருக்கும். வாசகர்களை எழுதச் சொன்னால் எழுதுவார்கள். நானும் நோட்டைத் தேடி எடுத்து அனுப்புகிறேன்.

சொதிக்கான திருத்தத்தையாவது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியிடுங்கள். அதன் கடைசி வரிகளை எழுதிக் கீழே தந்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு இது. திரிந்துபோனதை அந்த இலையில் ஊற்ற யாருக்கும் மனம் வராது.

'இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய்கள் வெந்து, பாசிப்பருப்பும் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்ந்து மணம் வந்ததும் தீயைக் குறைக்கவும். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கிவிடவும். கொதிக்க விடக் கூடாது. இறக்கி, சற்று ஆறிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியவும். சோறு சூடாகவும் சொதி இளஞ்சூடாகவும் இருக்க வேண்டும். சோற்றைப் பிசைந்து குழைக்காமல், சொதி தானே உள்ளே இறங்கும்படி கொஞ்சம் காத்திருக்கவும். முதலில் தேங்காய்ப்பாலின் தித்திப்பு வரும். அது படரும்போதே பச்சைமிளகாய் சுருக்கென்று தைக்கும். எலுமிச்சை கடைசியில் வந்து இரண்டையும் துடைத்துவிட்டுப் போகும். பாலும் பருப்பும் வயிற்றில் மந்தம் செய்யும் என்பதால் மூன்று வாய்க்கு ஒரு முறை இஞ்சிப் பச்சடியைத் தொட்டு நக்கிக்கொள்ளவும். உருளைக்கிழங்குக் காரக்கறியைக் கடித்துக்கொண்டால் இன்னொரு கரண்டி சோறு கேட்கும்.'

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் பழைய வாசகன்,
ஓய்வுபெற்ற தவசிப்பிள்ளை,
திருநெல்வேலி டவுண்.